முக்காலி ஏன் ஆடுவதில்லை?

பிளஸ் டூ கணக்கில் என்னை ரொம்ப அலைக்கழித்தது வெக்டர் பாடம்தான். 'இந்தப் புள்ளிகள் ஒரே தளத்தில், அதாவது தட்டையான ஒரே பரப்பில், அமையுமா' என்று கேட்டால் அணிக்கோவை (எண்களைக் கட்டமாக அடுக்கி ஒரே எண்ணாகச் சுருக்கும் கணக்கு) போடுவேன். பூச்சியம் வந்தால் ஆம், வராவிட்டால் இல்லை. அந்தப் பூச்சியம் என்ன சொல்கிறது என்று மட்டும் தெரியாது. காலாண்டுத் தேர்வில் கேள்வியைக் கொஞ்சம் திருப்பிக் கேட்டார்கள், ஐந்து மதிப்பெண் போயிற்று.

குன்னூரில் எங்கள் வீடு சரிவில் இருக்கிறது, சமையலறைத் தரை மேடும் பள்ளமும். அங்கே நாற்காலி போட்டால் ஒரு கால் தூக்கிக்கொண்டு ஆடும். பாட்டி அட்டையை மடித்துச் செருகுவார். அவர் உட்காரும் முக்காலியோ எங்கே போட்டாலும் அசையாது. ஒரே கோட்டில் இல்லாத மூன்று புள்ளிகள் வழியே ஒரே ஒரு தளம்தான் போகும். அது எப்போதும் உண்டு. நான்காவது கால் வந்த பிறகுதான் கேள்வியே பிறக்கிறது.

(1,0,0), (0,1,0), (0,0,1) மூன்றும் முக்காலியின் கால்கள் என்று வையுங்கள். நான்காவது (1,1,1). முதல் புள்ளியிலிருந்து மற்ற மூன்றுக்கும் வெக்டர் எடுத்தால் (−1,1,0), (−1,0,1), (0,1,1). இவற்றை வரிசைகளாக வைத்து அணிக்கோவை போட்டால் வருவதுதான் திசையிலி முப்பெருக்கம்; இங்கே அது 2. இந்த மூன்றையும் விளிம்புகளாகக் கொண்ட இணைகரத் திண்மத்தின், அதாவது சாய்ந்த பெட்டியின், கன அளவு அது. பெட்டிக்குள் இடம் இருக்கிறது, அதனால் நான்காவது கால் தளத்தை விட்டு விலகி நிற்கிறது. சரி, நான்காவதை (1,1,−1) என்று மாற்றுங்கள். கடைசி வெக்டர் (0,1,−1) ஆகும். முதல் வெக்டரிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் வருவதும் அதுதான். பெட்டி தட்டையாக நசுங்கிவிட்டது, கன அளவு பூச்சியம்.

இங்கே பலரும் கழிக்க மறந்து, முதல் மூன்று புள்ளிகளையும் அப்படியே அணிக்கோவையில் போடுவார்கள். விடை 1 வரும், ஒரே தளம் இல்லை என்று தவறாக எழுதிவிடுவோம். நாம் சோதித்தது ஆதிப்புள்ளியோடு (0,0,0) சேர்த்து!

அப்புறம் கோடுகள். வெட்டாத கோடுகள் என்றால் இணைகோடுகள் என்று எழுதித்தான் அந்த ஐந்து மதிப்பெண்ணை விட்டேன். ரயில் பாதைக்கு மேலே குறுக்காகப் போகும் மின்கம்பியைப் பாருங்கள்: தண்டவாளத்தை வெட்டாது, அதற்கு இணையும் இல்லை. ஒரு தளம் அமையாக் கோடுகள் இவைதான்.

எங்கள் மலை ரயில் இன்னொன்றும் கற்றுத் தந்தது. கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே தண்டவாளங்களின் நடுவில், அவற்றைவிடச் சற்று உயரமாக, பற்கள் வெட்டிய பட்டை ஓடும். நேரான இடத்தில் எல்லாமே இணை. இரு தண்டவாளங்களுக்கு ஒரு தளம், பட்டைக்கும் ஒரு தண்டவாளத்துக்கும் ஒரு தளம் உண்டு. மூன்றுக்கும் பொதுவாக ஒரு தளம் கிடையாது! இதைக் கண்ணால் பார்த்த பிறகு 'இணை என்றால் ஒரே தளம்' என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதுவதை விட்டேன்.

இரு கோடுகள் ஒரே தளத்தில் அமைய நிபந்தனை இதுதான்: ஒன்றின் புள்ளியிலிருந்து மற்றதன் புள்ளிக்குப் போகும் வெக்டர், இரு திசை வெக்டர்கள், இந்த மூன்றின் திசையிலி முப்பெருக்கம் பூச்சியம். கோடுகள் இணையாக இருந்தால் திசை வெக்டர்களின் குறுக்குப் பெருக்கம் (இரண்டுக்கும் செங்குத்தான வெக்டரைத் தருவது) பூச்சிய வெக்டர் ஆகிவிடும். நிபந்தனை தானாக நிறைவேறும், ஆனால் தளத்தின் செங்குத்து வெக்டர் அதிலிருந்து கிடைக்காது. அப்போது ஒரு கோட்டின் புள்ளியிலிருந்து மற்றதன் புள்ளிக்குப் போகும் வெக்டரைத் திசை வெக்டரோடு குறுக்குப் பெருக்கம் செய்யுங்கள். அதனால் தளத்தின் சமன்பாடு கேட்டால், திசை வெக்டர்கள் ஒன்றுக்கொன்று மடங்கா என்று முதலில் பார்த்துவிட்டு மேலே போங்கள். அரை நிமிடம்கூட ஆகாது.