ரோடு போட்ட தாத்தா: ஒரு தேடலின் நாட்குறிப்பு

ஜனவரி 18, 2025

இரண்டாம் உலகப் போருக்காகத் தாத்தாவுக்குக் கொடுத்த பதக்கங்களைச் சித்தப்பா இன்று என் கையில் கொடுத்துவிட்டார். 1939–45 ஸ்டார், ஆப்பிரிக்கா ஸ்டார், இத்தாலி ஸ்டார், டிஃபென்ஸ் மெடல், வார் மெடல். எல்லாம் கறுத்துப் போயிருக்கின்றன. சித்தப்பா புளி போட்டுத் தேய்க்கப் பார்த்தார், வேண்டாம் என்று தடுத்தேன். தேய்த்தால் எழுத்தும் சேர்ந்து போய்விடும்.

இந்த எழுத்துதான் எனக்கு வேண்டும். இதே பதக்கங்களைப் பிரிட்டிஷ் சிப்பாய்களுக்குப் பெயர் பொறிக்காமல் கொடுத்தார்கள். இந்தியச் சிப்பாய்களுக்குக் கொடுத்தவற்றில் பொறித்தார்கள். ஸ்டார்களுக்குப் பின்பக்கம், வட்டப் பதக்கங்களுக்கு விளிம்பு. லென்ஸ் வைத்துப் பார்த்தேன்: பட்டாள எண், சாப்பர் (எஞ்சினியர் படைச் சிப்பாய்) என்ற பதவி, வீட்டில் யாரும் எழுதாத எழுத்துக்கூட்டலில் தாத்தாவின் பெயர், அப்புறம் சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ் என்பதன் சுருக்கம்.

வீட்டில் அவரைப் பற்றிப் பேச்சு வந்தால் சித்தப்பா சொல்வது ஒன்றுதான். "அப்பா சண்டைக்கெல்லாம் போகலடா, பட்டாளத்துல ரோடு போட்டாரு." தாத்தாவே அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார். ஊரில் துப்பாக்கி பிடித்தவர்களுக்கு இருந்த மரியாதை அவருக்கு இருந்ததில்லை.

ஜனவரி 26

ஒரு விஷயம் இப்போதுதான் உறைக்கிறது. போரில் இறந்தவர்களைத் தேடுவது எளிது. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் தளத்தில் பெயரைப் போட்டால் எண், கம்பெனி, தகப்பன் பெயர் வரைக்கும் பல நேரம் கிடைக்கும். பிரிக்கப்படாத இந்தியாவின் படைகளிலிருந்து அந்தப் போரில் மாண்டவர்கள் சுமார் 87,000 பேர். உயிரோடு திரும்பியவர்களுக்கு இப்படித் தேடிப் பார்க்க ஒரு பட்டியலும் இல்லை. போர் முடியும்போது இந்திய ராணுவத்தில் இருந்தவர்கள் 25 லட்சத்துக்கும் மேல். ஆரணிப் பக்கத்துக் கொத்தனார் ஒருவரை அதில் எங்கே போய்த் தேடுவது?

மெட்ராஸ் சாப்பர்ஸ் என்பது மட்டும் உறுதி. பெங்களூரு அல்சூர் ஏரிக்கரையில் இன்றைக்கும் மெட்ராஸ் எஞ்சினியர் குரூப் என்ற பெயரில் இருக்கும் அதே படை. அவர்களைத் 'தம்பிகள்' என்றுதான் ராணுவத்தில் கூப்பிடுவார்கள். முள்வேலியைத் தகர்க்கும் பெங்களூர் டார்பிடோ 1912-இல் அங்கேதான் உருவானது. ஆனால் அந்தப் படைக்குள் எந்தக் கம்பெனி, அதாவது எந்தச் சிறு பிரிவு, என்று பதக்கம் சொல்லவில்லை. கம்பெனி தெரியாமல் ஒரு அடி நகர முடியாது.

பிப்ரவரி 3

முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போனேன். போருக்காக மட்டும் சேர்ந்து 1946-இல் வெளியே வந்தவர்களில் பெரும்பாலோருக்குப் பென்ஷன் கிடையாது. அப்படிப்பட்டவர்களுக்கும் அவர்களுடைய விதவைகளுக்கும் தமிழ்நாடு அரசு மாத உதவித்தொகை தருகிறது. பாட்டி கடைசி வரை அதை வாங்கினாள். உதவித்தொகை வாங்கினாள் என்றால் மனு இருக்கும், மனு இருந்தால் கூடவே ஏதாவது நகல் இருக்கும் என்பது என் கணக்கு.

இருந்தது. பிரிவு எழுத்தர் அம்மா பொறுமையாகத் தேடி எடுத்துக் கொடுத்தார். தாத்தாவின் டிஸ்சார்ஜ் சர்டிபிகேட், நகலுக்கு நகல். மடிப்பில் இரண்டு வரி அழிந்திருக்கிறது. படிக்க முடிந்தது: 1941 ஜூலையில் பெங்களூரில் சேர்ந்தார். தொழில் கொத்து வேலை. நடத்தை நன்று. கடல் கடந்த சேவை உண்டு. 12-வது ஃபீல்ட் கம்பெனி.

பாட்டியின் கைநாட்டு மனுவின் கீழே இருக்கிறது. பட்டாளத்தில் இருந்த தாத்தாவைப் பற்றிய காகிதம் எங்களுக்குக் கிடைத்தது அவள் கேட்ட பணத்தால்தான். சிப்பாய்களின் காகிதங்களைத் தேடுகிறவர்கள் முதலில் பென்ஷன், உதவித்தொகைக் கோப்புகளைப் பாருங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்லப்போகிறேன்.

பிப்ரவரி 9

12-வது ஃபீல்ட் கம்பெனி, நான்காவது இந்திய டிவிஷன் என்ற பெரிய படைப்பிரிவைச் சேர்ந்தது. இது தெரிந்த பிறகு வரைபடம் தானாக விரிகிறது. 1942-இல் எகிப்தின் எல் அலமைன். 1943 ஏப்ரலில் துனீசியாவின் வாடி அகாரித், அங்கே இந்த டிவிஷன் ராத்திரியோடு ராத்திரியாக மலையேறித் தாக்கியது. அதே வருஷம் மே மாதம் ஆப்பிரிக்கப் போர் முடிந்தது. 1944 தொடக்கத்தில் இத்தாலியின் மான்டே கசினோ. கோடையின் கடைசியில் காதிக் லைன், வட இத்தாலியில் ஜெர்மானியர்களின் தற்காப்பு வரிசை. பிறகு கிரீஸ்.

கசினோவைப் படித்துக்கொண்டிருந்தேன். பிப்ரவரி 15-இல் மலை உச்சி மடத்தை விமானங்கள் குண்டு போட்டு நொறுக்கின. மடத்துக்கு எதிரே பாறை முகட்டில் கிடந்தவர்கள் இந்த டிவிஷன்காரர்கள். அங்கே ஏறுவதற்கு ஒழுங்கான பாதையே கிடையாது. தண்ணீரும் தோட்டாவும் கோவேறு கழுதைகளின் முதுகில் போயின.

பிப்ரவரி 24

இன்றைய தேதியில் எழுதியாக வேண்டும்.

தாத்தா ஒரே ஒரு போர்க்கதை சொல்வார். "எங்க சுபேதார் ஒருத்தர், கண்ணிவெடி மேல தானே போயி விழுந்தாரு, மத்தவங்கள காப்பாத்த." நாங்கள் சின்னப் பிள்ளைகள், அடுத்து என்ன, அடுத்து என்ன என்று கேட்போம். அடுத்து ஒன்றும் சொல்ல மாட்டார்.

அது நடந்திருக்கிறது. சுபேதார் சுப்பிரமணியன், காஞ்சிபுரம் பக்கத்தவர், மெட்ராஸ் சாப்பர்ஸின் 11-வது ஃபீல்ட் பார்க் கம்பெனி. தாத்தாவின் டிவிஷனேதான். 1944 பிப்ரவரி 24, கசினோவுக்குத் தெற்கே மின்யானோ. கண்ணிவெடி அகற்றும்போது உடன் இருந்த ஒருவரின் காலடியில் வெடி கிளம்பியது. வெடிப்பதற்குள் இருந்த சில நொடிகளில் இவர் அதன்மேல் பாய்ந்து படுத்துக்கொண்டார். மற்றவர்கள் பிழைத்தார்கள். இறந்த பிறகு, வீரத்துக்கான பிரிட்டனின் மிக உயர்ந்த விருதுகளில் ஒன்றான ஜார்ஜ் கிராஸ் கொடுத்தார்கள்.

சித்தப்பாவுக்கு ஃபோன் செய்து வாசித்துக் காட்டினேன். வெகுநேரம் பேசவில்லை. "அப்ப அது நெஜமாடா?" என்றார்.

மார்ச் 22

மாமா பெண் லண்டனில் இருக்கிறாள். இன்று எனக்காக அங்கே கியூ (Kew) என்ற இடத்தில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்துக்குப் போனாள். வாசகர் அட்டை இலவசம். உள்ளே பேனா கூடாது, பென்சில் மட்டும். ஃபோனில் படம் எடுத்துக்கொள்ளக் காசு இல்லை.

போர் நாட்குறிப்புகள் அங்கே களம் களமாகப் பிரித்து வைக்கப்பட்டிருக்கின்றன. மத்திய கிழக்குப் படைகளுடையது டபிள்யூ.ஓ. (வார் ஆஃபீஸ், பிரிட்டனின் போர்த்துறை) 169 வரிசை, இத்தாலிக் களத்துக்கு 170, பர்மா பக்கம் என்றால் 172. ஒவ்வொரு பிரிவும் அச்சடித்த படிவத்தில் இடம், தேதி, நேரம், நடந்தது என்று மாதாமாதம் எழுதி அனுப்ப வேண்டும். எழுதியவர்கள் அதிகாரிகள்.

படங்களை ராத்திரி முழுக்கப் பார்த்தேன். தாத்தா பெயர் இல்லை. இருக்காது என்று மாமா பெண் முன்பே சொல்லியிருந்தாள். லீவில் போன அதிகாரியின் பெயர் இருக்கிறது, இரவெல்லாம் பாறை உடைத்தவர்கள் எண்ணிக்கையாக இருக்கிறார்கள். எனக்கு வயிறு எரிகிறது. அதே சமயம், அந்த எண்ணிக்கைக்குள் தாத்தா இருக்கிறார் என்பதை இப்போது என்னால் உறுதியாகச் சொல்ல முடிகிறது. கம்பெனி எங்கே தூங்கியதோ அங்கே அவரும் தூங்கினார்.

மார்ச் 23

ரோடு.

கசினோவுக்கு வடக்கே கைரா கிராமத்திலிருந்து மலைக்குமேல் ஆட்டுப்பாதை போல ஒன்று போனது. முதலில் ஜீப் ஏறும்படி, அப்புறம் டாங்கி ஏறும்படி அதை அகலப்படுத்தினார்கள். கேவண்டிஷ் ரோடு என்று பெயர். வேலை செய்தவை நான்காவது, பன்னிரண்டாவது ஃபீல்ட் கம்பெனிகள். கடைசிக் கட்டத்தில் நியூசிலாந்து எஞ்சினியர்களும் சேர்ந்தார்கள். எதிரியின் பீரங்கி எட்டும் மலைச்சரிவில், உருமறைப்பு வலையைக் கட்டிக்கொண்டு பாறையை வெடிவைத்துத் தகர்த்தார்கள். மேலே ரோடு முடியும் இடத்துக்கு மெட்ராஸ் சர்க்கஸ் என்று பெயர் வைத்தார்கள். இன்றைக்கும் கசினோ போரைப் பற்றிய வரைபடங்களில் அந்தப் பெயர் இருக்கிறது.

மழையால் அடுத்த தாக்குதல் மூன்று வாரம் தள்ளிப் போய் மார்ச் 15-இல் தொடங்கியது. மார்ச் 19 காலை டாங்கிகள் அந்த ரோட்டில் ஏறி மடத்துக்குப் பின்பக்கம் போய் நின்றன. ஜெர்மானியர்கள் அந்தப் பக்கம் டாங்கி வரும் என்று நினைத்தே பார்க்கவில்லை. ஆனால் கூடவே காலாட்படையை அனுப்பவில்லை. டாங்கிகள் ஒவ்வொன்றாக அடிபட்டன, தாக்குதல் தோற்றது. திட்டம் போட்டவர்களின் குறை அது. ரோடு தன் வேலையைச் செய்தது.

"சண்டைக்கெல்லாம் போகல, ரோடு போட்டாரு" என்று எங்கள் வீட்டில் சொன்னதெல்லாம் இதைத்தான்.

மார்ச் 30

ஊருக்குப் போய்ச் சித்தப்பாவிடம் எல்லாவற்றையும் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். அவர் நெடுஞ்சாலைத் துறையில் சாலை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரைபடத்தை மேசையில் விரித்தார். அழுவார் என்று நினைத்தேன். கேள்வி கேட்க ஆரம்பித்துவிட்டார். அகலம் எத்தனை அடி? வளைவில் டாங்கி எப்படித் திரும்பியது? அவ்வளவு மழையில் தண்ணீரை எந்தப் பக்கம் வடித்தார்கள்? ஓரச்சுவருக்குக் கல் அங்கேயே எடுத்ததா?

"அப்பாகிட்ட கேட்டிருக்கலாம்டா. ரெண்டு பேரும் ஒரே வேலைதான் பாத்திருக்கோம்" என்றார்.

கேள்விகளை எல்லாம் வரிசையாக எழுதி மாமா பெண்ணுக்கு அனுப்பிவிட்டேன். டிவிஷனின் தலைமை எஞ்சினியர் அலுவலக நாட்குறிப்பு தனிக் கோப்பு, அதில் வரைபடங்கள் இணைப்பாக இருக்க வாய்ப்பு உண்டு என்கிறாள். ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை மறுபடி போகிறாள். கிரீஸ் மாதங்களையும் அப்போதே எடுத்துவிடச் சொல்லியிருக்கிறேன்.