இரண்டு போர்டு, ஒரு கேபிள்: பாடாங் செராய் நாட்குறிப்பு

மார்ச் 4, திங்கள்

கூலிமில் வேலை முடிந்து கிளம்பியதிலிருந்து மழை. செம்பனைக் குலை ஏற்றிய லாரிக்குப் பின்னாலேயே மோட்டாரில் ஊர்ந்து வீடு வந்து சேர இருட்டிவிட்டது. குளித்துவிட்டு நேராக மேசைக்குப் போனேன். பழைய எஃப்பிஜிஏ (உள்சுற்றை நாமே நிரல் எழுதி அமைத்துக்கொள்ளும் சிப்) போர்டு இரண்டையும் கேபிளால் இணைத்து 1.25 ஜிகாபிட் வேகத்தில் ஓடவிட்டால், ஒரு தடவை எல்லாம் சரியாக வருகிறது, அணைத்துவிட்டு மறுபடி போட்டால் ஒவ்வொரு பாக்கெட்டிலும் (தரவுக் கட்டிலும்) சிஆர்சி, அதாவது தரவு கெடாமல் வந்ததா என்று பார்க்கும் சரிபார்ப்பு எண், தப்பு. நிரலில் ஓர் எழுத்தைக்கூட நான் மாற்றவில்லை.

மார்ச் 5, செவ்வாய்

தம்பி பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அண்ணே, ஒரே கம்பியில பிட்டு வரிசையா வருது, எங்க ஒரு பைட் ஆரம்பிக்குதுன்னு சிப்புக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டான். சரியான கேள்வி. ஓலைச்சுவடியில் இடைவெளியும் இல்லாமல் புள்ளியும் இல்லாமல் எழுத்துகள் ஓடுமே, அதேபோலத்தான் இதுவும் என்றேன். படிக்கிறவனுக்குப் பிரிக்கும் இடம் தெரியாவிட்டால் எல்லாம் குழப்பம்.

அதற்குத்தான் 8பி/10பி. ஐபிஎம்மில் விட்மரும் ஃபிரனாஸெக்கும் 1983இல் வெளியிட்ட முறை. ஒரு பைட்டின் 8 பிட்டை 10 பிட்டாக மாற்றுகிறோம், அதனால் 1.25 ஜிகாபிட் கம்பியில் நமக்குக் கிடைப்பது 1 ஜிகாபிட்தான். ஐந்துக்கு மேல் ஒரே பிட் தொடர்ந்து வராது, 0, 1 எண்ணிக்கையும் சமமாக நிற்கும். கே28.5 என்ற குறியை அவனுக்குத் தாளில் எழுதிக் காட்டினேன்: 0011111010. இதில் முதல் ஏழு பிட், 0011111, சாதாரணத் தரவில் எங்குமே வராது, இரண்டு பைட் ஒட்டுகிற இடத்தில்கூட வராது. சிப் அதைப் பார்த்ததும் "பைட் இங்கே ஆரம்பம்" என்று பிடித்துக்கொள்ளும். எனக்கு இது இன்னமும் வியப்புதான்.

மார்ச் 7, வியாழன்

பிடித்துவிட்டேன்! பசியாறக்கூட எழுந்து போகவில்லை. என் சிப் ஒரே நேரத்தில் இரண்டு பைட்டாகக் கொடுக்கிறது, அந்த இரண்டும் சேர்ந்தது ஒரு 'சொல்'. பைட் எல்லை சரியாகத்தான் இருக்கிறது, ஆனால் கே28.5 சில நேரம் கீழ் பைட்டில் விழுகிறது, சில நேரம் மேல் பைட்டில். கரண்டைப் போடும் நேரத்தைப் பொறுத்தது அது. மேலே விழுந்தால் ஒவ்வொரு சொல்லிலும் பாதி முந்தினது, பாதி அடுத்தது. முந்தின சொல்லின் மேல் பைட்டை ஒரு ரெஜிஸ்டரில் (சிப்புக்குள் இருக்கும் சின்ன நினைவிடத்தில்) பிடித்துவைத்து, அடுத்த சொல்லின் கீழ் பைட்டோடு சேர்த்தேன். இருபது தடவை அணைத்துப் போட்டும் சிஆர்சி தப்பே வரவில்லை.

மார்ச் 9, சனி

தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாப் படம் ஒன்றை, 3 மெகாபைட், ஒரே பாக்கெட்டாக அனுப்பினேன். கோபுரம் வரை அழகாக வந்தது, அதற்குக் கீழே வெறும் வண்ணக் கோடுகள். இரண்டு போர்டுக்கும் தனித்தனி கிரிஸ்டல் (பிட்டுகளின் வேகத்துக்குத் தாளம் போடும் படிகம்), ஒவ்வொன்றிலும் 100 பிபிஎம், அதாவது பத்து லட்சத்துக்கு 100, வரை வித்தியாசம் இருக்கலாம். இரண்டும் எதிரெதிராகப் போனால் 5,000 பைட்டுக்கு ஒன்று மிகும் அல்லது குறையும். ஒரு பாக்கெட்டுக்கும் அடுத்ததுக்கும் இடையில் வரும் ஐடில் குறிகளைத்தான் (தரவு இல்லாத நேரத்தை நிரப்பும் வெற்றுக் குறிகள்) பெறுகிற பக்கம் கூட்டியும் கழித்தும் சமாளிக்க முடியும், நானோ எல்லாவற்றையும் ஒரே பாக்கெட்டாக அனுப்பி, இடையில் ஒன்றுகூட விடவில்லையே.

இன்றிரவே 1,500 பைட் துண்டுகளாக வெட்டி, இடையிடையே ஐடில் போட்டு அனுப்பினேன். அம்மா திரையில் கோயில் குளம் வரை பார்த்துவிட்டு, "இது போன வருசத்துத் தேர்தானே" என்றார்.