மார்க்கர் அறைக்கு ஓர் அல்ட்ராவைடு: நாட்குறிப்பு

நவம்பர் 4, 2025, செவ்வாய்

தீபாவளிக்கு ஊருக்குப் போன ஆட்கள் திரும்பிவிட்டார்கள். திருப்பூரில் கட்டிங் டேபிள்கள் மறுபடி ஓடுகின்றன. அவிநாசி ரோட்டுப் பக்கம் ஒரு பனியன் கம்பெனியின் பேட்டர்ன் அறைக்கு அல்ட்ராவைடு, அதாவது வழக்கத்தைவிட அகலமான, மானிட்டர் தேர்வு செய்ய வேண்டும். இப்போது இருப்பது 21.5 அங்குல முழு எச்டி. கம்ப்யூட்டர் ஒரு லிட்டர் அளவுள்ள ரீஃபர்பிஷ்டு மினி: ஐ5-8500டி, 8 ஜிபி ரேம் ஒரே ஸ்டிக். விண்டோஸ் 10-க்கான ஆதரவு போன அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு இன்டெலில் 8ஆம் தலைமுறை வேண்டும் என்பதால் இந்தப் பெட்டி தப்பித்தது. 6, 7 என்றால் மானிட்டரைப் பற்றி யோசிப்பதற்கு முன் பெட்டியைத்தான் மாற்றச் சொல்லியிருக்க வேண்டும்.

மார்க்கர் என்பது வெட்டவேண்டிய துண்டுகளையெல்லாம் துணி அகலத்துக்குள் நெருக்கி அடுக்கிய வரைபடம். பேட்டர்ன் மாஸ்டர் கேட்டது ஒன்றே ஒன்று: "மார்க்கரு மொத்தமும் ஒரே பார்வைல தெரியோணுமுங்க. தள்ளித் தள்ளிப் பார்த்தா எங்க இடம் வீணாகுதுன்னே புடிபட மாட்டேங்குது."

கணக்குப் போட்டுப் பார்த்தால் அவர் கேட்பது சரி. 36 டயா டியூபை (குழாயாகப் பின்னிய, தட்டையாக வைத்தால் 36 அங்குலம் வரும் துணி) பிரித்தால் அகலம் 72 அங்குலம். லே (வெட்ட விரிக்கும் துணி) நீளம் 172 அங்குலம், அதாவது 437 செ.மீ. நீளத்தை அகலத்தால் வகுத்தால் 2.39. 3440×1440 திரையின் விகிதமும் அதே 2.39. இப்போதுள்ள 1920 புள்ளி அகலத்தில் முழு மார்க்கரையும் அடக்கினால் ஒரு செ.மீ. துணிக்கு 4.4 புள்ளி; 6 மி.மீ. நாட்ச் (தைக்கும்போது பொருத்த ஓரத்தில் போடும் குறி) 3 புள்ளிகூட வராது, ஒரு கறை மாதிரி நிற்கும். 3440-ல் ஒரு செ.மீ.க்கு கிட்டத்தட்ட 8 புள்ளி. நாட்ச் நாட்சாகத் தெரியும்.

நவம்பர் 5, புதன்

இன்றைக்கு மானிட்டர் எதையும் பார்க்கவில்லை. பெட்டியின் முதுகைத்தான் பார்த்தது. முக்கால்வாசிப் பேர் திரையை வாங்கி வந்து வைத்துவிட்டு, அப்புறம்தான் பின்னால் என்ன ஓட்டை இருக்கிறது என்று தடவுகிறார்கள்.

பின்பக்கம் ஒரு எச்டிஎம்ஐ, ஒரு டிஸ்ப்ளேபோர்ட். எச்டிஎம்ஐ 1.4, டிஸ்ப்ளேபோர்ட் 1.2. இந்த ஐ5-க்குள் இருக்கும் கிராஃபிக்ஸ் யுஎச்டி 630. அது உள்ள பெட்டிகளில் பெரும்பாலும் இதே கதைதான்.

3440×1440-ஐ 60 ஹெர்ட்ஸில் ஓட்ட, ஓரத்து வெற்றுப் புள்ளிகளையும் சேர்த்து 3600×1481 புள்ளிகளை விநாடிக்கு 60 முறை அனுப்ப வேண்டும். பெருக்கினால் சுமார் 320 மெகாஹெர்ட்ஸ். இந்தத் தலைமுறை இன்டெல் கிராஃபிக்ஸ் எச்டிஎம்ஐ வழியாக 300-ஐத் தாண்டாது. அதனால் விண்டோஸ் 60-ஐக் காட்டவே காட்டாது; 50-க்கோ 30-க்கோ இறங்கிவிடும். 50-க்கு 265 போதும் என்பதால் அது ஓடும். 30-ல் விழுந்தால் மவுஸ் அம்பு கையைவிட்டுப் பின்தங்கி இழுபடும். பீஸை இழுத்து இன்னொரு பீஸோடு பொருத்துகிற வேலையில் அது தாங்காது. "புது மானிட்டர் மெதுவா இருக்குதுங்க" என்று வரும் புகாரில் பாதி இந்த எச்டிஎம்ஐ கேபிள்தான்.

டிஸ்ப்ளேபோர்ட் 1.2-ல் நான்கு லேன் (தகவல் போகும் பாதை), ஒவ்வொன்றிலும் விநாடிக்கு 5.4 கிகாபிட். குறியீட்டுக்குப் போகும் ஐந்தில் ஒரு பங்கைக் கழித்தால் 17.28 கிகாபிட் கையில் நிற்கும். நமக்கு வேண்டியது 60 ஹெர்ட்ஸுக்கு 7.7, 100 ஹெர்ட்ஸுக்கு 13. தாராளம். ஆக, திரையில் டிஸ்ப்ளேபோர்ட் உள்ளீடு கட்டாயம். எச்டிஎம்ஐ மட்டும் உள்ள மலிவு மாடல்கள் இங்கேயே கழிந்துவிட்டன.

கன்வெர்ட்டர் போட்டுக்கொள்ளலாமே என்பார்கள். டிஸ்ப்ளேபோர்ட்டிலிருந்து எச்டிஎம்ஐ-க்கு மாற்றும் சாதாரண கேபிளுக்குள் சிக்னலை மாற்றும் சிப் கிடையாது. முதல் வகை 165 மெகாஹெர்ட்ஸோடு நிற்கும், இரண்டாம் வகை 300-ஓடு. முதல் வகையில் 2560×1080-கூட 60-ல் ஏறாது. ஆக்டிவ் கன்வெர்ட்டர் ஓடும். ஆனால் அந்தக் காசுக்கு டிஸ்ப்ளேபோர்ட் உள்ள மானிட்டரே வாங்கிவிடலாம்.

நவம்பர் 6, வியாழன்

அளவு. டேபிள் 4 அடிக்கு 2 அடி, ஸ்டீல் கால், பார்ட்டிகிள் போர்டு மேல்தட்டு.

29 அங்குலம், 2560×1080: உயரம் 29 செ.மீ.கூட இல்லை. எக்செல்லில் காஸ்டிங் ஷீட்டைத் திறந்தால் தபால்பெட்டி வாய் வழியே எட்டிப் பார்ப்பதுபோல இருக்கும். 34 அங்குலத்தில் அதே 2560×1080 வருகிறது, விலை கண்ணைப் பறிக்கும். அங்குலத்துக்கு 82 புள்ளிதான், கோடுகள் படிக்கட்டாகத் தெரியும். வேண்டாம்.

34 அங்குலம், 3440×1440: அங்குலத்துக்கு 110 புள்ளி, திரை அகலம் 80 செ.மீ., உயரம் 33 செ.மீ. பழைய பேட்டர்ன் மென்பொருள் விண்டோஸ் ஸ்கேலிங்கை 125 சதவீதம் ஆக்கினால் எழுத்தெல்லாம் மங்கிப்போகும். 110 புள்ளியில் 100 சதவீதத்திலேயே வைத்துப் படிக்கலாம். இந்த அறைக்கு இதைவிட நெருக்கமான புள்ளிகள் லாபமில்லை, தொந்தரவு.

49 அங்குலம், 5120×1440: முதலாளிக்கு இதில்தான் கண். 120 செ.மீ. அகலம், டேபிளே 122. பேட்டர்னைக் கம்ப்யூட்டருக்குள் ஏற்றும் டிஜிட்டைசர் பேனாவை வைக்க இடமில்லை. அதைவிடப் பெரிய சிக்கல், யுஎச்டி 630-க்கு இன்டெல் தாளில் போட்டிருக்கும் உச்சம் 4096×2304. 5120 அகலம் அதற்குள் வராது. சிலரிடம் ஓடுகிறது என்று கேள்வி. தாளில் இல்லாததை நம்பிக் காசு போடச் சொல்ல மாட்டோம்.

வரி: 32 அங்குலத்துக்கு மேற்பட்ட மானிட்டருக்கு 28 சதவீதமாக இருந்த ஜிஎஸ்டி, செப்டம்பர் 22 முதல் 18. பழைய கொட்டேஷனை வைத்துக்கொண்டு 29 அங்குலமே மலிவு என்று முடிவெடுத்தவர்கள் ஒருதரம் புது விலை கேட்கலாம்.

நவம்பர் 8, சனி

கோவைக்குப் போய் நேரில் பார்த்தாயிற்று. மினி பெட்டியில் ஒரு வசதி: அடாப்டரோடு சேர்த்து மஞ்சப்பைக்குள் அடங்கிவிடும். நம் பெட்டியையே கடையில் மாட்டிப் பார்த்தால் பாதி சந்தேகம் அங்கேயே தீரும். டெமோவுக்குக் கடைக்காரர் ஓட்டும் லேப்டாப்பில் தெரிவது நம் பெட்டியில் தெரியும் என்று யார் சொன்னது?

மாட்டியதும் செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே. அங்கே டெஸ்க்டாப் மோடு, ஆக்டிவ் சிக்னல் மோடு என்று இரண்டு வரி வரும். இரண்டிலும் 3440×1440 இருக்க வேண்டும். டெஸ்க்டாப் ஒன்று, சிக்னல் வேறு என்றால் நடுவில் யாரோ இழுத்து நீட்டுகிறார்கள் என்று அர்த்தம். கலர் ஃபார்மட் ஆர்ஜிபி என்று இருக்க வேண்டும். கறுப்புப் பின்னணியில் சிவப்பு எழுத்தைச் சின்னதாகப் போட்டுப் பார்க்க வேண்டும். ஓரம் கசிந்தால் நிறத் தகவலைக் குறைத்து அனுப்புகிறது.

வளைவு: 1500ஆர் என்றால் ஒன்றரை மீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் துண்டு. படம் பார்க்க நன்றாக இருக்கும். அதில் ஒரு மார்க்கரைத் திறந்து, நீளவாட்டில் ஓடும் கிரெயின் லைனை (துணியின் இழைத் திசையைக் காட்டும் கோடு) பார்த்தோம். நடுவில் நேர்கோடு, தலையைக் கொஞ்சம் தூக்கினால் வில்லாக வளைகிறது. மாஸ்டர் உடனே ஸ்டீல் ஸ்கேலை எடுத்துத் திரைமேல் வைத்துவிட்டார். நேராக வேலை பார்க்கிறவர்களுக்குத் தட்டைத் திரை, இல்லாவிட்டால் 3800ஆர் போல வளைவே தெரியாத ஒன்று.

பேனல் (படம் காட்டும் தட்டு) ஐபிஎஸ் வகை. விஏ என்ற இன்னொரு வகையில் கறுப்பு ஆழமாக இருக்கும், ஆனால் 80 செ.மீ. அகலத்தில் 60 செ.மீ. தள்ளி உட்கார்ந்தால் ஓரங்களைச் சாய்வாகத்தான் பார்க்கிறோம். அங்கே நிறம் வெளிறும். ஓஎல்இடி-யில் நாள் முழுக்க ஒரே டூல்பார் நிற்கும், தடம் பதியும்.

முடிவு: 34, 3440×1440, ஐபிஎஸ், 3800ஆர், டிஸ்ப்ளேபோர்ட், 100 ஹெர்ட்ஸ்.

அட்டைப்பெட்டி ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளம். டிவிஎஸ் எக்ஸ்எல்லில் குறுக்கே வைத்துக்கொண்டு அவிநாசி வழியாக வருவது கெட்டிக்காரத்தனம் இல்லை. காரில் நிமிர்த்தி வைத்துக் கொண்டுவர வேண்டும்; படுக்கப் போட்டு மேலே சாமான் அடுக்கக்கூடாது.

நவம்பர் 10, திங்கள்

திரை பொருத்தியாயிற்று. சிவப்பு, பச்சை, நீலம், வெள்ளை, கறுப்பு என்று முழுத் திரையையும் நிரப்பிப் பார்த்ததில் செத்த புள்ளி இல்லை. அதற்கு முன்னால் அட்டைப்பெட்டியைக் கிழிக்கவில்லை. மாற்றவேண்டி வந்தால் அதே பெட்டியில்தான் திரும்பப் போக வேண்டும்.

ஒரு குறை: பெரிய மார்க்கரில் ஜூம் செய்தால் திக்குகிறது. குற்றம் திரையில் இல்லை. தனி கிராஃபிக்ஸ் நினைவகம் இல்லாத பெட்டி ரேமைத்தான் பங்கு போட்டுக்கொள்கிறது. 3440×1440 என்றால் 49.5 லட்சம் புள்ளி. முழு எச்டியைவிட 2.4 மடங்கு. ஒரே ஸ்டிக் டிடிஆர்4-2666 விநாடிக்கு 21 ஜிபி தரும், ஜோடியாகப் போட்டால் 42. பொருந்துகிற 8 ஜிபி இன்னொன்று சொல்லியிருக்கிறது.

நவம்பர் 11, செவ்வாய்

பக்கத்து அறையில் பிரிண்ட் ஆர்ட்வொர்க்குக்கு ஒரு மேக் மினி எம்4. "அதுக்கும் இதே மானிட்டர் ஒண்ணு போட்டுரலாங்களா?" என்று கேட்டார்கள். ஓடும். ஆனால் இதே சிபாரிசு அங்கே செல்லாது. மேக்கில் 2018-ல் வந்த மொஹாவியிலிருந்து எழுத்து ஓரத்தைத் துணைப்புள்ளி (ஒரு புள்ளிக்குள் இருக்கும் சிவப்பு, பச்சை, நீலத் துண்டு) கொண்டு மழுக்கும் முறையை எடுத்துவிட்டார்கள். 110 புள்ளியில் எழுத்து கொஞ்சம் தடித்துக் கரடாகத் தெரியும். கண் கூர்மையான டிசைனர் முதல் நாளே சொல்லிவிடுவார். அங்கே 5120×2160 பொருத்தம். 34 அங்குலத்தில் 163 புள்ளி, 40 அங்குலத்தில் 140.

அதற்கு 60 ஹெர்ட்ஸில், பத்து பிட் நிறத்தோடு, 21 கிகாபிட் வேண்டும். மேக்கின் தண்டர்போல்ட் துளையில் டைப்-சி கேபிள் மாட்டி நான்கு லேனும் படத்துக்கே கிடைத்தால் 25.9 இருக்கிறது, போதும். மானிட்டரில் யுஎஸ்பி ஹப் வேகமாக ஓட வேண்டும் என்று மெனுவில் 'ஹை டேட்டா ஸ்பீடு' வைத்தால் படத்துக்கு இரண்டு லேன்தான் மிஞ்சும். அப்போது தெளிவு குறையும் அல்லது 30-க்கு இறங்கும். 'ஹை ரெசல்யூஷன்' என்பதில் வைக்க வேண்டும். மானிட்டர் 90 வாட் சார்ஜ் தரும் என்று விளம்பரத்தில் எழுதியிருப்பது மேக் மினிக்கு உதவாது. அது டைப்-சி வழியாக மின்சாரம் வாங்காது, சுவரிலிருந்துதான்.

திரையில் பார்த்து நிறத்துக்கு ஓகே சொல்லக்கூடாது என்பதை இங்கே தனியாக எழுதத் தேவையில்லை. லேப் டிப் (சாயம் ஏற்றிய மாதிரித் துணித் துண்டு) இருக்கிறது.

நவம்பர் 13, வியாழன்

மினியை மானிட்டர் முதுகிலேயே மாட்டிவிட ஆசைப்பட்டார்கள். 100×100 துளைகள் நான்கையும் ஸ்டாண்டே பிடித்துக்கொண்டிருக்கிறது. பெரும்பாலான அல்ட்ராவைடுகளில் இப்படித்தான். ஸ்டாண்டை மாட்டினால் பெட்டிக்கு இடமில்லை, பெட்டியை மாட்டினால் ஸ்டாண்டுக்கு இடமில்லை. ஆர்ம் போடலாம் என்றால் 7 கிலோ திரையும் ஆர்மும் சேர்ந்து பார்ட்டிகிள் போர்டு விளிம்பைக் கடிக்கும். அடியில் ஓர் இரும்புத் தட்டு வைத்துத்தான் கிளாம்ப் இறுக்க வேண்டும்.

கடைசியில் மினி டேபிளுக்கு அடியில், காற்றுத் துளை கட்டிங் பக்கம் பார்க்காதபடி. இந்த ஊரில் பெட்டியைக் கொல்வது சூடு மட்டும் இல்லை, பஞ்சு. ஃபேன் வாயில் மெத்தை மாதிரி படிந்துவிடும்.

நவம்பர் 14, வெள்ளி

காலையில் போன்: "ஏனுங்க, ஆஃப் பண்ணியும் பொட்டில லைட்டு மினுக்கு மினுக்குங்குது. ஆன் பண்ணா ரெண்டு மூணு தடவை அமுக்கோணும்."

மினியின் அடாப்டரைச் சுவரிலிருந்து பிடுங்கச் சொன்னேன். பிடுங்கிய பிறகும் விளக்கு மங்கலாக எரிகிறது. மானிட்டர் கேபிளை உருவினால் அணைகிறது. குற்றவாளி கேபிள். டிஸ்ப்ளேபோர்ட்டின் 20ஆவது பின் 3.3 வோல்ட், மானிட்டரையும் கம்ப்யூட்டரையும் இணைக்கும் கேபிளில் அந்தப் பின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போகவே கூடாது. செலவைக் குறைக்கிற கம்பிகளில் எல்லாப் பின்னையும் கண்ணை மூடிக்கொண்டு இணைத்துவிடுகிறார்கள், மானிட்டரிலிருந்து மின்சாரம் பெட்டிக்குள் திரும்பி ஏறுகிறது. அவசரத்துக்குப் பக்கத்துக் கடையில் வாங்கிய 3 மீட்டர் கேபிள் அது. மானிட்டரோடு வந்த 1.8 மீட்டர் கேபிளையே போட்டதும் சரியாகிவிட்டது.

நவம்பர் 17, திங்கள்

இரண்டாவது ரேம் போட்டாயிற்று. டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கம் 'ஸ்லாட்ஸ் யூஸ்டு' 2-க்கு 2. ஜூம் திக்கல் போய்விட்டது.

மதியச் சாப்பாட்டுக்குப் போய் வந்தால் ஜன்னல்களெல்லாம் இடம் மாறிக் கிடக்கின்றன என்று இன்னொரு புகார். மானிட்டர் தூங்கும்போது டிஸ்ப்ளேபோர்ட் இணைப்பையே அறுத்துக்கொள்கிறது. விண்டோஸ் திரை போய்விட்டதாக நினைத்துச் சின்ன அளவுக்குச் சுருக்குகிறது. மானிட்டர் மெனுவில் டீப் ஸ்லீப்பை ஆஃப் செய்தால் தீரும்.

யுபிஎஸ் 600 விஏ போதும். திரை 45 வாட் சுற்றி, மினி வேலை செய்யும்போது 30 சொச்சம். பிளாட்டரை (மார்க்கரைத் தாளில் வரையும் மெஷின்) அதில் மாட்டக்கூடாது.

அடுத்த மாதம் முதல் வாரம் புளோயர் கொண்டுபோக வேண்டும். ஃபேனை ஒரு விரலால் பிடித்துக்கொண்டு ஊத வேண்டும் என்று அங்கிருக்கும் தம்பிக்குக் காட்டியாயிற்று.