நன்றி: கூகுள்

“வகுப்புல காட்டலாம், நெட்ல போடக்கூடாதுன்னா எப்படி சார்? ரெண்டும் ஒரே படம்தானே?”

தான் எழுதிய பத்தாம் வகுப்பு அறிவியல் பாடத் தொகுப்பைத் திரையில் திறந்து வைத்துக்கொண்டு அந்த ஆசிரியை கேட்ட கேள்வி. 38 பக்கம், 22 படங்கள், எல்லாப் படத்தின் கீழும் ‘நன்றி: கூகுள்’. “படத்தையெல்லாம் எடுத்துட்டுப் போடுங்க டீச்சர்” என்றேன். அவர் தொகுப்பையே தளத்திலிருந்து எடுத்துவிட்டார். பல மாதம் உட்கார்ந்து எழுதிய விளக்கங்களும் அதோடு போயின.

சட்டப்படி நான் சொன்னது தவறில்லை. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, கற்பிக்கும் போக்கில் ஆசிரியரோ மாணவரோ ஒரு படைப்பைப் படியெடுக்க இடம் தருகிறது. டெல்லிப் பல்கலைக்கழக வளாகத்து ஜெராக்ஸ் கடை மீது ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், டெய்லர் அண்ட் பிரான்சிஸ் பதிப்பகங்கள் 2012-இல் தொடுத்த வழக்கில், 2016-இல் டெல்லி உயர் நீதிமன்றம் இதை விரிவாகவே எடுத்துக்கொண்டது. பாடத்துக்கு எவ்வளவு தேவையோ அதுதான் அளவு, இத்தனை பக்கம்தான் என்ற கணக்கு இல்லை. ஆக, அவர் வகுப்பில் காட்டியதும் அச்செடுத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்ததும் சரி.

பொதுத் தளத்தில் ஏற்றினால் அங்கே வருகிற எல்லாரும் அவர் மாணவர் இல்லை. ஆண்டு விழாவிலும் இதே கோடுதான். பிள்ளைகள், பெற்றோர், ஆசிரியர்கள் மட்டும் இருக்கும் அரங்கில் திரைப்பாடலுக்கு ஆடலாம், அதே 52-ஆவது பிரிவு அனுமதிக்கிறது. அந்தக் காணொளியை யூடியூபில் ஏற்றினால், உரிமையுள்ள பாடல்களைத் தானாகவே தேடும் அதன் கண்டென்ட் ஐடி பாட்டைக் கண்டுபிடித்துவிடும். சில நேரம் ஒலியே அடைபட்டுப் போகும்.

இதை அன்று இவ்வளவு தெளிவாகச் சொன்னேனா என்றால், இல்லை. சொல்லியிருந்தாலும் அவர் கேள்வி முழுதாக அடங்கியிருக்காது. ஊரடங்கு நாட்களில் வாட்ஸ்அப் குழுதான் வகுப்பாக இருந்தது. 40 பேர் உள்ள குழுவில் அனுப்பியது கற்பித்தல். அதில் ஒரு பிள்ளை வேறு குழுவுக்கு அனுப்பிய நொடியில் அது என்ன? நான் போட்ட கோடு சுவருள்ள வகுப்பறைக்குப் பொருந்துகிறது. அவர் பாடம் நடத்தியது சுவரில்லாத இடத்தில்.

பிறகு ஒரு நாள் அந்தக் கோப்பை எடுத்து ஒவ்வொரு படமாகத் தேடிப் பார்த்தேன். டின்ஐ (TinEye) என்ற படத்தேடல் தளத்தில் படத்தை ஏற்றினால் அது வேறெங்கெல்லாம் வந்திருக்கிறது என்று காட்டும், பழையது முதலில் வரும்படி வரிசைப்படுத்தவும் முடியும். 22-இல் ஒன்பது, யாரும் பயன்படுத்தலாம் என்ற உரிமத்தோடு படங்களைச் சேர்த்து வைக்கும் விக்கிமீடியா காமன்ஸ் தளத்தின் படங்கள். அவற்றை எடுக்கவே வேண்டியதில்லை. வரைந்தவர் பெயர், மூலப் பக்கத்தின் இணைப்பு, உரிமத்தின் பெயரும் இணைப்பும் என்று ஒரு வரி சேர்த்தால் போதும். கூகுள் படத்தைத் தேடித் தருகிறது, வரைந்தது வேறு ஒருவர். அதனால் ‘நன்றி: கூகுள்’ யாருக்கும் நன்றி சொல்லவில்லை. கூகுள் படத்தேடலில் டூல்ஸ், யூசேஜ் ரைட்ஸ் என்று போய் கிரியேட்டிவ் காமன்ஸ், அதாவது படைத்தவரே சில நிபந்தனைகளோடு பிறர் பயன்படுத்த விடும் உரிமம், என்பதைத் தேர்ந்தெடுக்கலாம். அதுவும் முதல் வடிகட்டல்தான். மூலப் பக்கத்துக்குப் போய் உரிமத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும்.

ஆறு படங்கள் அரசுப் பாடநூலில் இருந்து எடுத்தவை. அரசு வெளியீட்டுக்கும் 60 ஆண்டு பதிப்புரிமை உண்டு. படத்தை ஒட்டாமல் ‘பாடநூலில் இந்தப் பக்கத்துப் படத்தைப் பார்க்க’ என்று எழுதலாம், புத்தகம் எல்லாப் பிள்ளையிடமும் இருக்கிறதே.

ஐந்து படங்கள்தான் சிக்கலானவை. அவர் ஆங்கிலப் பெயர்களை அழித்துவிட்டுத் தமிழில் எழுதியிருந்தார், ‘அயோர்டா’ இருந்த இடத்தில் ‘பெருந்தமனி’. பிள்ளைகளுக்கு மிகத் தேவையான வேலை அது. ஆனால் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் ‘என்டி’ (ND, மாற்றக்கூடாது) என்று இருந்தால் மாற்றிய படத்தைப் பொதுவில் பகிர முடியாது. ‘எஸ்ஏ’ (SA, அதே உரிமத்தில் பகிர்க) என்றால் பகிரலாம், நம் தமிழ்ப் படத்தையும் அதே உரிமத்தில் விட வேண்டும், என்ன மாற்றினோம் என்றும் குறிக்க வேண்டும். விக்கிமீடியா காமன்ஸில் ‘என்டி’ படங்களை ஏற்பதே இல்லை என்பதால் அங்கே தேடுவது நல்லது. கோடும் எழுத்தும் தனித்தனியாகத் திருத்தக்கூடிய எஸ்விஜி (SVG) கோப்பாகக் கிடைத்தால் இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் திறந்து எழுத்தை மட்டும் மாற்றலாம். சில கோப்புகளில் எழுத்து வெறும் கோடுகளாக மாறியிருக்கும். அதை நீக்கிவிட்டு நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற கட்டற்ற எழுத்துருவில் புதிதாகத் தட்ட வேண்டியதுதான். இதயத்துக்கு நான்கு அறை என்ற செய்தி யாருக்கும் சொந்தமில்லை. அதைத் தெரிந்துகொண்டு நாமே வரையலாம், ஒருவர் வரைந்ததன் மேல் தாளை வைத்து நகலெடுப்பதுதான் கூடாது.

மீதி இரண்டில், உரிமையாளர் பெயரைக் காட்டும் நீர்க்குறி (வாட்டர்மார்க்) வெட்டப்பட்டிருந்தது. உரிமையாளரைக் காட்டும் விவரத்தைத் தெரிந்தே நீக்குவதை 2012-இல் சேர்த்த 65பி பிரிவு குற்றமாக்குகிறது, இரண்டு ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. அவருக்கு இது தெரியாது. இணையத்தில் கிடைத்தபோதே அப்படித்தான் இருந்தன என்றார், நம்புகிறேன்.

ஆக, மாற்று வழியே இல்லாமல் நீக்க வேண்டியவை இரண்டு. ஒரு மாலை வேலையில் சரியாகியிருக்கும். நான் ஒரு வரியில் முடித்தேன். அன்று தேர்வு நேரம், எனக்கும் வேலை இருந்தது என்று எனக்கு நானே சொல்லிப் பார்க்கிறேன். எல்லாம் தெரிந்த பிறகு சொல்லலாம் என்று காத்திருந்தால் பள்ளிக்கு நோட்டீஸ் வந்திருக்கலாம் என்றும் தோன்றுகிறது. இரண்டும் உண்மைதான், ஆனாலும் மனம் ஆறவில்லை.

இன்னொன்றையும் அன்று நான் சொல்லவில்லை. 22 படங்களுக்கு யார் உரிமையாளர் என்று பேசியவன், 38 பக்க எழுத்து அவருடையது என்று ஒரு வார்த்தை பேசவில்லை. 57-ஆவது பிரிவின்படி, உரிமை வேறொருவரிடம் போனாலும் எழுதியவர் தன் பெயரைக் கோரலாம். போன மாதம் அந்தக் கோப்பு ஒரு வாட்ஸ்அப் குழுவில் எனக்கே வந்தது. படங்கள் அப்படியே இருந்தன. அவர் பெயர் இருந்த முதல் பக்கம் இல்லை.