மூட்டு மாற்றிய பிறகு அம்மா குறைத்துச் சொன்ன வலி

அம்மாவுக்கு வலது முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை முடிந்ததும், ஒரு வாரத்துக்குள் வீட்டுக்குப் போய்விடலாம் என்றுதான் மதுரையில் அந்த ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அடுத்த வாரமும் பாதி போய்விட்டது. நாங்கள் அதே கட்டிலில்தான் இருந்தோம். சர்க்கரை கட்டுக்குள் இருந்தது, காய்ச்சல் இல்லை, தையல் போட்ட இடம் காய்ந்திருந்தது. முட்டி மட்டும் 60 டிகிரிக்கு மேல் மடங்க மறுத்தது. வீட்டுக்கு அனுப்ப அவர்கள் பார்த்தது முட்டியைத்தான். 90 டிகிரி அளவுக்கு மடங்க வேண்டும், வாக்கர் பிடித்துக் கழிப்பறை வரை போய்வர வேண்டும், நாலு படி ஏறி இறங்க வேண்டும், ஊசி இல்லாமல் மாத்திரையிலேயே வலி அடங்க வேண்டும்.

வலியைப் பற்றி யாரும் கேட்காமல் இல்லை. ஷிஃப்டுக்கு ஒரு தரம் சிஸ்டர் வந்து, "வலி எவ்வளவு இருக்கும்மா? பூஜ்யத்துல இருந்து பத்துக்குள்ள சொல்லுங்க" என்பார். அம்மா எப்போதும், "ரெண்டு போட்டுக்கங்க தாயி" என்பார். அது கேஸ் ஷீட்டில் ஏறிவிடும். கேட்கும் நேரத்தில் காலை அசைக்காமல் படுத்திருப்பார் என்பதால், அந்த நிமிஷத்துக்கு அது பொய்யும் இல்லை. பயிற்சி கொடுக்கும் பிசியோ (இயன்முறை சிகிச்சையாளர்) வந்து காலைத் தொட்டால்தான் தெரியும். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடிப்பார். "போதும்ப்பா, நாளைக்குப் பாத்துக்கலாம்" என்று அன்றைய பயிற்சி முடிந்துவிடும். ஷீட்டில் இரண்டு என்றிருந்தால் யார் மருந்தைக் கூட்டுவார்கள்? 'நோயாளி ஒத்துழைக்கவில்லை' என்று எழுதியிருந்தார்கள். எனக்கு அது இன்னமும் ஆறவில்லை. நடவும் களையெடுப்புமாக வயலிலேயே உழைத்த உடம்பு அது.

ஒரு ராத்திரி அம்மா தூக்கம் வராமல் புரண்டுகொண்டிருந்தபோது, ஏம்மா குறைச்சுச் சொல்றே என்று கேட்டேன். "ரொம்ப வலிக்குதுன்னு சொன்னா இன்னும் நாலு நாள் இருக்கச் சொல்லுவாங்கடி. பெட்டுக்குக் காசு யாரு கட்டுறது?" என்றார்.

மறுநாள் காலையில் மூத்த பிசியோ ஒருவர் வந்தார். அவரிடம் இதை அப்படியே சொன்னேன். அவர் ஆறு முகங்கள் வரைந்த ஓர் அட்டையை எடுத்து வந்தார். 0 என்றால் சிரித்த முகம், 10 என்றால் கண்ணீர் வழியும் முகம். 1980களில் அமெரிக்காவில் டோனா வோங், கோனி பேக்கர் என்ற இருவர் குழந்தைகளுக்காக உருவாக்கியது. சும்மா படுத்திருக்கும்போது எந்த முகம், காலை மடக்கும்போது எது, ராத்திரியில் எது என்று தனித்தனியாகக் கேட்டார். படுத்திருக்கும்போது அம்மா தொட்டது 2. மடக்கும்போது 8. ராத்திரிக்கு 6. பிறகு அவர், "வலியைச் சொன்னாத்தாம்மா மாத்திரை மாத்துவாங்க. வலி அடங்கினாத்தான் கால் மடங்கும், கால் மடங்கினாத்தான் வீடு" என்றார். அம்மாவுக்கு அது சட்டென்று பிடிபட்டது.

அதற்குப் பிறகு டாக்டர் மருந்தை மாற்றினார். வலித்தால் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டியதாக இருந்த பாராசிட்டமால், மணி பார்த்துத் தரப்பட்டது. பயிற்சிக்கு முக்கால் மணி நேரம் முன்னால் டிராமடால் என்ற வீரியமான வலி மாத்திரை, பயிற்சி முடிந்ததும் ஐஸ் ஒத்தடம். டிராமடாலுக்குக் குமட்டல் வந்தது, அதற்கும் ஒரு மாத்திரை கொடுத்தார்கள். தொடைத் தசையை இறுக்கிப் பிடிப்பது, குதிகாலை இழுத்து மடக்குவது எல்லாம் பழைய பயிற்சிகள்தான். ஆனால் இப்போது முழு நேரமும் செய்ய முடிந்தது. முட்டி நாளுக்கு நாள் கூடுதலாக மடங்கியது. வீக்கமும் அதற்குள் வடிந்திருந்தது, அதையும் சொல்ல வேண்டும். அந்த வாரம் முடிவதற்குள் படி ஏறி இறங்கி, டிஸ்சார்ஜ் ஆகிவிட்டோம்.

பக்கத்துக் கட்டிலில் இடுப்பெலும்பு முறிந்த ஒரு பாட்டி, மறதி நோய் உள்ளவர். அவரிடம் எண்ணும் கேட்க முடியாது, முகமும் காட்ட முடியாது. மூச்சு, முனகல், முகச் சுளிப்பு, உடம்பு விறைப்பது, தட்டிக்கொடுத்தால் அடங்குகிறாரா என்று ஐந்தையும் பார்த்து சிஸ்டரே மதிப்பெண் போடுவார். வாய் திறந்து சொல்ல முடிந்த அம்மாவை விட அவருடைய வலிதான் சரியாகப் பதிவானது.

ஊருக்கு வந்ததும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிசியோ வீட்டுக்கே வந்து பயிற்சி கொடுத்தார். 2021 ஆகஸ்டில் தொடங்கிய திட்டம். படுத்திருக்கும்போது ஒன்று, மடக்கும்போது ஒன்று என்று நோட்டில் நான் எழுதிவைத்த எண்களைப் பார்த்துவிட்டுத்தான் காலைத் தொடுவார். கெண்டைக்கால் திடீரென வீங்கி வலித்தால் மட்டும் அவருக்காகக் காத்திருக்கக் கூடாது. அது ரத்தக்கட்டியாக இருக்கலாம், உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.