இரவு இரண்டரை மணிக்கு நின்றுபோன ஃப்ரிட்ஜ்

பயணத்தின் முதல் இரவு. ஆற்றங்கரையில் வண்டியை நிறுத்தி, பக்கத்திலேயே கூடாரம் போட்டுப் படுத்திருந்தோம். மணி இரண்டரை இருக்கும். அப்பா என்னைத் தட்டி எழுப்பினார். "அந்தச் சத்தத்தைக் காணோம், என்னன்னு பாரும்மா" என்றார்.

பிக்கப்பின் பின்தொட்டியில் இருந்த ஃப்ரிட்ஜைத்தான் சொன்னார். கம்ப்ரஸர் கொஞ்ச நேரம் ஓடுவதும் கொஞ்ச நேரம் ஓய்வதும் வழக்கம். ஆனால் ரொம்ப நேரமாக அது ஓடவே இல்லை என்பதைத் தூக்கத்திலும் கவனித்திருக்கிறார். அவருடைய இன்சுலின் அதற்குள் இருந்தது.

டார்ச்சோடு போய், பின்தொட்டியை மூடியிருக்கும் கூண்டின் பின்கதவைத் திறந்தேன். ஃப்ரிட்ஜின் திரையில் மின்னழுத்தக் குறைவுக்கான குறியீடு மின்னிக்கொண்டிருந்தது. 4 டிகிரியில் வைத்திருந்தது 7 ஆகியிருந்தது. திறக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரிக்குள் வைத்திருக்க வேண்டும். மூடியைத் திறக்காமல், அதன்மேல் கம்பளியைப் போர்த்திவிட்டு, என்ஜினை ஓட விட்டேன். குறியீடு மறைந்தது, கம்ப்ரஸர் ஓடத் தொடங்கியது. பேட்டரி செத்துவிட்டது என்றுதான் அப்போது நினைத்தேன்.

அந்த ஃப்ரிட்ஜைப் பொருத்த நாங்கள் பட்ட பாட்டைச் சொன்னால்தான் இந்த இரவு விளங்கும்.

எங்களுடையது இரட்டை வரிசை இருக்கை கொண்ட பிக்கப். பின்தொட்டிக்கு மேல் ஃபைபர் கூண்டு, இரண்டு பக்கமும் ஜன்னல். வாங்க நினைத்தது 45 லிட்டர் கம்ப்ரஸர் ஃப்ரிட்ஜ். கம்ப்ரஸர் இல்லாமல் மின்தகட்டால் குளிரூட்டும், விலை குறைந்த பெல்டியர் வகைப் பெட்டிகள் வெளியில் இருக்கும் வெப்பத்தைவிட ஏறக்குறைய 20 டிகிரிதான் இறக்கும். வெயிலில் காயும் கூண்டுக்குள் அது எதற்கும் உதவாது. எரிவாயுவில் ஓடும் வகைக்கு வண்டி சமதளத்தில் நிற்க வேண்டும். கம்ப்ரஸர் வகை ஓரளவு சாய்ந்தாலும் ஓடும், உறைநிலைக்குக் கீழேயும் போகும். அதனால் அதில் யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை.

வாங்கும் முன் அதன் நீள, அகல, உயரத்துக்கு ஓர் அட்டைப் பெட்டி செய்து தொட்டிக்குள் வைத்துப் பார்த்தோம். இந்த வேலையில் நான் செய்த மிக நல்ல காரியம் இதுதான். பெட்டி அழகாக உட்கார்ந்தது. சக்கரங்களுக்காகத் தொட்டிக்குள் மேடிட்டு நிற்கும் வளைவுகளுக்கு நடுவிலும் இடம் மிச்சம். ஆனால் அட்டை மூடியைத் தூக்கினேன், பாதியிலேயே கூண்டின் கூரையில் இடித்தது. அப்பா குனிந்து பார்த்துவிட்டு, "ஒயர் எந்தப் பக்கம் வரும்? அதுக்கு இடம் விட்டியா?" என்று கேட்டார். விடவில்லை. பிளக்கைச் செருகினால் ஒரு பக்கம் இன்னும் 5 சென்டிமீட்டர் வேண்டும். காற்றுத் துளைகள் இருக்கும் பக்கம் குறைந்தது 10 சென்டிமீட்டர் வேண்டும். கடைப் பட்டியலில் போட்டிருக்கும் அளவு மூடியபடி, பிளக் செருகாமல், சும்மா நிற்கும் ஃப்ரிட்ஜின் அளவு. வண்டிக்குள் நமக்கு வேண்டியது திறந்து, ஒயர் மாட்டி, மூச்சுவிடும் ஃப்ரிட்ஜின் அளவு.

மூடிப் பிரச்சினைக்கு ஸ்லைடு வாங்கினோம். இழுத்தால் ஃப்ரிட்ஜ் முழுவதும், டெயில்கேட் என்னும் தொட்டியின் பின்பலகைக்கு மேல் வெளியே வந்துவிடும், மூடி வானத்தைப் பார்த்துத் திறக்கும். அதில் இன்னொரு சிக்கல் வந்தது. தொட்டியின் தரையே தரைமட்டத்திலிருந்து 85 சென்டிமீட்டர். ஸ்லைடு 8, ஃப்ரிட்ஜ் 48. மொத்தம் 1.41 மீட்டர். அப்பாவின் உயரம் ஐந்தடி இரண்டங்குலம். அவரால் ஃப்ரிட்ஜின் மேல்கூடையை எட்ட முடியும், அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்க முடியாது. கீழே இறங்கித் தாழும் ஸ்லைடும் கிடைக்கிறது. ஆனால் அதன் எடை அதிகம், இடத்தையும் நிறைய அடைக்கும். ஒரு மடக்குப்படி எடுத்துக்கொண்டோம். அவருடைய மருந்துக்கு மேல்கூடை என்று முடிவாயிற்று.

மருந்துக்கு மேல்கூடைதான் சரி என்பதற்கு வேறு காரணமும் உண்டு. இந்த வகைப் பெட்டிகளில் சுவரை ஒட்டிய இடமும் அடிப்பக்கமும்தான் அதிகம் குளிரும். இன்சுலின் ஒருமுறை உறைந்துவிட்டால் பிறகு உருகினாலும் பயன்படுத்தக் கூடாது, தூக்கிப்போட வேண்டியதுதான். சூடாவதைப் பற்றியே எல்லோரும் பயப்படுகிறார்கள், உறைவதைப் பற்றி நினைப்பதில்லை. ஒரு டப்பாவுக்குள் துணி சுற்றி, சுவரைத் தொடாமல், மேல்கூடையின் நடுவில் வைத்தோம். பக்கத்திலேயே தனியாக ஒரு தெர்மாமீட்டர். திரையில் தெரியும் எண் சென்சார் இருக்கும் இடத்தின் எண்தான், மருந்து இருக்கும் இடத்தினுடையது அல்ல.

ஸ்லைடைப் பிடிக்க வைப்பதில் ஒரு முழு நாள் போனது. காலி ஃப்ரிட்ஜ் 20 கிலோ, நிரப்பினால் 40. அதை முழுசாக வெளியே இழுக்கும்போது ஸ்லைடின் உள்முனை மேலே எம்பப் பார்க்கும். தொட்டியின் நெளிவுத் தரைமேல் 18 மில்லிமீட்டர் பிளைவுட் போட்டு, அதில் வெறும் ஸ்க்ரூ அடித்தால் நிற்காது. பிளைவுட்டையும் தொட்டியின் தகரத்தையும் சேர்த்துத் துளைத்து, அடியில் அகலமான வாஷர் கொடுத்து 8 மில்லிமீட்டர் போல்ட்டால் முறுக்கினோம். துளைக்கும் முன் வண்டிக்கு அடியில் படுத்து எரிபொருள் டேங்க், பிரேக் குழாய், ஒயர் எல்லாம் எங்கே ஓடுகின்றன என்று பார்த்து சாக்பீஸால் குறித்தோம். இதைச் செய்யாமல் யாரும் டிரில்லைக் கையில் எடுக்க வேண்டாம். துளையின் விளிம்புகளுக்குத் துருவைத் தடுக்கும் பெயிண்ட் பூசி, காய்ந்த பிறகுதான் போல்ட்.

இத்தனை கவனமாக இருந்துவிட்டு ஒயரில் கோட்டை விட்டேன். பேட்டரியிலிருந்து பின்தொட்டி வரை 5 மீட்டர். கையில் இருந்த மெல்லிய 1 ஸ்கொயர் எம்.எம். ஒயரை இழுத்துவிட்டேன். மின்சாரம் போக 5, திரும்ப 5, ஆக 10 மீட்டர் செம்பு. அந்த நீளத்தில் அந்த ஒயரின் மின்தடை சுமார் 0.17 ஓம். கம்ப்ரஸர் 5 ஆம்பியர் இழுக்கும்போது வழியிலேயே கிட்டத்தட்ட 0.9 வோல்ட் தொலைந்துவிடும்.

விடிந்ததும் மின்னழுத்தம் அளக்கும் மல்டிமீட்டரை எடுத்தேன். பேட்டரியில் 12.3 வோல்ட். அது செத்த பேட்டரி இல்லை. ஃப்ரிட்ஜின் பிளக்கில், கம்ப்ரஸர் தொடங்கும் நேரத்தில், 11.2. வண்டியின் பேட்டரி காலியாகி நடுவழியில் நிற்காமல் இருக்க, ஃப்ரிட்ஜில் ஒரு பாதுகாப்பு உண்டு. மின்னழுத்தம் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால் தானாக நின்றுவிடும். ஒயர் தின்றதை அது பேட்டரி தீர்ந்ததாக எடுத்துக்கொண்டது. பகலில் ஏன் நன்றாக ஓடியது என்பதும் அப்போதுதான் புரிந்தது. என்ஜின் ஓடும்போது அதோடு சுழன்று மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர் 14 வோல்ட் பக்கம் கொடுக்கிறது. அதில் 0.9 போனாலும் ஃப்ரிட்ஜுக்குப் போதும்.

அடுத்து வந்த ஊரில் தடிமனான 6 ஸ்கொயர் எம்.எம். ஒயர் வாங்கி, மர நிழலில் உட்கார்ந்து மறுபடி இழுத்தோம். நெளிக்குழாய்க்குள் ஒயரைப் போட்டு, சைலன்சர் பக்கம் போகாமல் சேஸிஸை ஒட்டிக் கட்டினோம். தொட்டிக்குள் நுழையும் துளையில் ரப்பர் வளையம். ஃபியூஸ் பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்தில். ஃபியூஸ் காப்பது ஃப்ரிட்ஜை அல்ல, ஒயரை. அதனால் அது பேட்டரி முனையில்தான் இருக்க வேண்டும். சிகரெட் லைட்டர் சாக்கெட் குலுங்கிக் குலுங்கித் தளர்ந்துவிடும் என்பதால், இறுக்கமாகப் பிடிக்கும் ஆண்டர்சன் பிளக்குக்கு மாறினோம். ஸ்லைடு முழுசாக வெளியே வரும் அளவுக்கு ஒயரில் சுருள் விட்டோம். இப்போது வழியில் தொலைவது 0.15 வோல்ட்தான். அப்பா தானே மல்டிமீட்டரைப் பிடித்து, எண்ணைப் படித்துவிட்டுத்தான் எழுந்தார்.

மூன்றாம் நாள் மதியம் வேறு விதமாகச் சோதித்தது. மரமே இல்லாத மேட்டுநிலம். நிறுத்திய வண்டியின் கூண்டுக்குள் 52 டிகிரி. கம்ப்ரஸர் நிற்கவே இல்லை. பார்த்தால், குலுக்கலில் படுக்கைச் சுருள் நகர்ந்து வந்து காற்றுத் துளையை அடைத்திருந்தது. உள்ளே இருக்கும் வெப்பத்தைத்தான் ஃப்ரிட்ஜ் வெளியே தள்ளுகிறது. தள்ள இடமில்லை என்றால் என்ன செய்யும்? படுக்கையைப் பட்டையால் கட்டினோம், இரண்டு பக்க ஜன்னலையும் திறந்துவிட்டோம். ஒரு மணி நேரத்தில் கம்ப்ரஸர் ஓய்வெடுக்கத் தொடங்கியது. வண்டியை நிழலில் நிறுத்தலாம் என்றால் பேட்டரிக்கு மின்சாரம் ஏற்றக் கூரைமேல் பொருத்தும் சோலார் தகடு வேலை செய்யாது. அதனால் மடக்கும் தகடு ஒன்றை நீளமான ஒயரோடு வெயிலில் வைத்து, வண்டியை நிழலில் விடுவதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

மண் சாலையில் தூசி இன்னொரு தொல்லை. ஓடும் வண்டியின் பின்னால் காற்றழுத்தம் குறைந்து, டெயில்கேட் இடுக்குகள் வழியாகத் தூசியை உள்ளே இழுக்கும். இடுக்குகளில் ரப்பர் பட்டை ஒட்டினோம். மாலையில் ஃப்ரிட்ஜின் காற்றுத் துளைகளை பிரஷ்ஷால் துடைப்பது அப்பாவின் வேலை ஆயிற்று.

திரும்பி வந்தபின் இரண்டாவது பேட்டரி போட்டாயிற்று. ஓடும்போது சராசரியாக 4 ஆம்பியர், நாளில் மூன்றில் ஒரு பங்கு நேரம் ஓட்டம் என்றால் ஒரு நாளைக்கு 32 ஆம்பியர்-மணி. வெயில் நாளில் பாதி நேரம் ஓடினால் 48. என்ஜினை ஸ்டார்ட் செய்யும் ஈய பேட்டரியை இப்படித் தினமும் உறிஞ்சினால் அது சீக்கிரம் கெட்டுவிடும். 100 ஆம்பியர்-மணி லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரியும், அதற்குச் சரியான அழுத்தத்தில் மின்சாரம் ஏற்ற ஒரு டிசி-டிசி சார்ஜரும் வைத்தோம். இனி ஃப்ரிட்ஜ் எவ்வளவு தின்றாலும் வண்டி காலையில் கிளம்பும். கிளம்புவதற்கு முந்தின நாளே வீட்டு மின்சாரத்தில் ஃப்ரிட்ஜைக் குளிர்வித்து, குளிர்ந்த பொருள்களையே அடுக்கவும் பழகிவிட்டோம்.

அந்த அட்டைப் பெட்டி இன்னும் இருக்கிறது. ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்தில் தண்ணீர் டேங்க் வைக்கலாம் என்று நேற்று இன்னொரு அட்டையை வெட்டிக்கொண்டிருந்தேன். அப்பா டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு, "குழாய் எந்தப் பக்கம் வரும்மா?" என்றார்.