கோடையில் குளிராத ஒயின் கூலர்: பழுதைத் தேடிச் சரிசெய்த அனுபவம்

கோடை தொடங்கிய பிறகு எங்கள் வீட்டு ஒயின் கூலரின் முகப்புத் திரை வழக்கம்போல 12 டிகிரி என்றே காட்டிக்கொண்டிருந்தது. ஆனால் உள்ளேயிருந்து எடுத்த பாட்டிலைத் தொட்டால் அந்தக் குளிர்ச்சி தெரியவில்லை. கம்ப்ரசர் இடைவிடாமல் ஓடியது. நல்ல ஒயினை நீண்ட நாள் வைத்திருக்க 12 முதல் 14 டிகிரி செல்சியஸ் வரையிலான சீரான குளிர்ச்சியும், தக்கை உலர்ந்துவிடாதபடி ஏறத்தாழ 50 முதல் 70 விழுக்காடு ஈரப்பதமும் தேவை என்பதால், இதை அப்படியே விட்டுவைக்க எனக்கு மனம் வரவில்லை. பழுதைக் கண்டுபிடித்துச் சரிசெய்த வழியை, அதே சிக்கலில் இருப்பவர்களுக்கு உதவும் என்ற நம்பிக்கையில் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் உண்மையான வெப்பநிலையை அளந்தேன். பல மாடல்களில் திரையில் தெரிவது நாம் வைத்த அளவு மட்டுமே; உள்ளே இருக்கும் வெப்பநிலை அன்று. மேலும், கதவைத் திறந்தவுடன் உள்ளிருக்கும் காற்று மாறிவிடும் என்பதால், காற்றில் தொங்கும் வெப்பமானியின் அளவை நம்ப முடியாது. எனவே நடுத்தட்டில் ஒரு கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் நிரப்பி, அதற்குள் வெப்பமானியை வைத்து, இரவு முழுவதும் கதவைத் திறக்காமல் விட்டேன். பாட்டிலுக்குள் இருக்கும் ஒயினும் அந்தத் தண்ணீரைப் போலவே மெதுவாகக் குளிர்ந்து மெதுவாகச் சூடாகும். காலையில் பார்த்தபோது தண்ணீர் 19 டிகிரியில் இருந்தது.

அடுத்து, கூலரின் உட்புறச் சுவரில் ஒட்டியிருக்கும் விவரத்தகட்டைப் படித்தேன். எந்தப் பழுதையும் தேடுவதற்கு முன் எல்லோரும் பார்க்க வேண்டிய இடம் இதுதான் என்பது என் உறுதியான கருத்து. அதில் தட்பவெப்ப வகுப்பு என்று ஓர் எழுத்துக் குறி இருக்கும். ‘என்’ (N) என்றால் அறையின் வெப்பநிலை 16 முதல் 32 டிகிரி வரை இருக்கும்போது வேலை செய்ய வடிவமைக்கப்பட்டது. ‘எஸ்டி’ (ST) என்றால் 38 வரை. ‘டி’ (T) என்றால் 43 வரை. ‘எஸ்என்’ (SN) வகுப்புக்கும் மேல் எல்லை 32தான். வெப்பமான இடங்களில் ‘என்’ வகுப்புக் கூலரை வாங்கிவிட்டு, கோடையில் குளிரவில்லை என்று உதிரிபாகங்களை மாற்றிக்கொண்டே இருப்பதில் பயனில்லை. எங்களுடையது ‘எஸ்டி’ வகுப்பு. அறை பிற்பகலில் 36, 37 வரை போகும். ஆக, எல்லைக்கு அருகில் இருந்தாலும் எல்லைக்குள்தான் இருந்தோம்; அப்படியானால் கூலரால் முடிய வேண்டும்.

வெப்பம் இந்தக் கருவியை எப்படி வதைக்கிறது என்பதைப் புரிந்துகொண்டால் மற்றவை எளிதாகிவிடும். அறை 25 டிகிரியாகவும் உள்ளே 12 ஆகவும் இருந்தால் வித்தியாசம் 13. அறை 38 ஆனால் வித்தியாசம் 26. சுவர் வழியாகவும் கண்ணாடிக் கதவு வழியாகவும் உள்ளே கசியும் வெப்பம் இந்த வித்தியாசத்தோடு சேர்ந்தே கூடுவதால், கோடையில் கூலரின் சுமை ஏறத்தாழ இரண்டு மடங்காகிறது. அதே நேரத்தில், உள்ளிருந்து எடுத்த வெப்பத்தை வெளியே விட வேண்டிய கண்டன்சர், அறையைவிடச் சூடாக இருந்தால்தான் அந்த வெப்பம் காற்றுக்குப் போகும். அறை சூடாகும்போது கண்டன்சர் இன்னும் சூடாகிறது, கம்ப்ரசர் தள்ள வேண்டிய அழுத்தம் கூடுகிறது, குளிரூட்டும் திறன் குறைகிறது. வேலை கூடும் வேளையில் வலு குறைகிறது என்பதுதான் சிக்கலின் வேர். மிதமான காலத்தில் யாருக்கும் தெரியாத சிறு குறைகள்கூட கோடையில் பெரிதாக வெளிப்படுவதற்கும் காரணம் இதுவே.

பிளக்கைக் கழற்றிவிட்டுப் பின்புறக் கீழ் மூடியை எடுத்துப் பார்த்தபோது, கண்டன்சரின் மெல்லிய தகடுகளுக்கு நடுவே தூசியும் முடியும் சேர்ந்து கம்பளி போலப் படிந்திருந்தன; விசிறியின் இறக்கைகளிலும் ஒரு சாம்பல் நிற விளிம்பு ஏறியிருந்தது. மென்மையான பிரஷ்ஷும் வாக்குவம் கிளீனரும் கொண்டு தகடுகள் வளையாமல் மேலிருந்து கீழாகச் சுத்தம் செய்தேன். கூடவே, அலமாரிக்குள் பொருத்தப்பட்டிருந்த கூலரை வெளியே இழுத்து, பின்புறமும் பக்கங்களிலும் காற்று போக இடம் விட்டேன். இதில் ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். முன்புறக் கீழ்ப்பகுதியில் காற்றுத் துளைகள் உள்ள மாடல்கள் மட்டுமே அலமாரிக்குள் அடக்கி வைப்பதற்கு உரியவை. பின்புறம் வழியாக வெப்பத்தை வெளியேற்றும் மாடலை மரப்பெட்டிக்குள் அடைத்தால், அது தான் வெளியே விட்ட சூடான காற்றையே திரும்ப இழுத்துக்கொண்டு திணறும். எங்களுடையது இரண்டாவது வகை. இடத்தை மாற்றிச் சுத்தம் செய்த பிறகு தம்ளர்த் தண்ணீர் 15 டிகிரிக்கு இறங்கியது. ஒரு உதிரிபாகமும் மாற்றாமல் கிடைத்த முன்னேற்றம் இது.

ஆனால் அதோடு முடியவில்லை. சில வாரங்கள் கழித்து, பிற்பகல் வேளைகளில் கம்ப்ரசர் நின்றால் மீண்டும் கிளம்பவில்லை. பின்னால் ‘டிக்’ என்று ஒரு சத்தம், சில நொடிகள் மெல்லிய உறுமல், மறுபடி ‘டிக்’, பிறகு அமைதி. சில நிமிடங்கள் கழித்து அதே வரிசை. இரவில் மட்டும் ஒழுங்காக ஓடியது. வந்து பார்த்த மெக்கானிக், கேஸ் (குழாய்களில் சுற்றிவந்து குளிரூட்டும் வாயு) போய்விட்டது, சார்ஜ் செய்ய வேண்டும் என்றார். குளிரவில்லை என்றாலே இந்தப் பதில் எளிதாக வந்துவிடுகிறது. அதை ஏற்றுக்கொள்வதற்கு முன் அறிகுறிகளைப் பொருத்திப் பார்ப்பது மிகவும் அவசியம்.

கேஸ் குறைந்த கூலரில் கம்ப்ரசர் தடங்கலின்றிக் கிளம்பும்; நிற்காமல் ஓடும்; கண்டன்சர் போதிய சூடு ஏறாமல் வெதுவெதுப்பாகவே இருக்கும்; உள்ளே இருக்கும் குளிர்ச்சுருளில் ஒரு பகுதி மட்டும் குளிர்ந்து அல்லது உறைபனி பிடித்து, மீதி சாதாரணமாக இருக்கும். எங்கள் கூலரிலோ கம்ப்ரசர் கிளம்புவதே சிக்கலாக இருந்தது. கிளம்பி ஓடிய இரவுகளில் சுருள் முழுவதும் ஒரே சீராகக் குளிர்ந்திருந்ததை உட்பலகையைக் கழற்றி ஏற்கெனவே பார்த்திருந்தேன். இதை அவரிடம் பொறுமையாகச் சொன்னேன். அவரும் அதை ஏற்று, கம்ப்ரசரின் பக்கவாட்டில் செருகியிருந்த, அதைக் கிளப்ப உதவும் ஸ்டார்ட் ரிலேயைக் கழற்றினார். காதருகே வைத்து ஆட்டியபோது உள்ளே உடைந்த சில்லு குலுங்கும் ஓசை கேட்டது. அந்தச் சிறிய பெட்டிக்குள் இருக்கும் பீங்கான் வில்லை ஒவ்வொரு முறை கம்ப்ரசர் கிளம்பும்போதும் சூடாகி, பிறகு குளிர வேண்டும். அடிக்கடிச் சூடாகி நொறுங்கிவிட்டால், மோட்டாரைக் கிளப்பும் கம்பிச்சுருளான ஸ்டார்ட் சுற்றுக்கு மின்சாரம் கிடைக்காமல் கம்ப்ரசர் உறுமும். உடனே ஓவர்லோடு என்ற பாதுகாப்பு சுவிட்ச் இணைப்பைத் துண்டிக்கும். நாங்கள் கேட்ட ‘டிக்’ சத்தம் அந்த ஓவர்லோடுதான்.

புதிய ரிலேயைப் போடுவதற்கு முன் கம்ப்ரசரின் மூன்று முனைகளையும் மல்டிமீட்டரில் அளந்து பார்க்கச் சொன்னேன். பொது முனைக்கும் ரன் முனைக்கும் இடையே உள்ள மின்தடையையும், பொது முனைக்கும் ஸ்டார்ட் முனைக்கும் இடையே உள்ள மின்தடையையும் கூட்டினால், ரன்னுக்கும் ஸ்டார்ட்டுக்கும் இடையே காட்டும் அளவு வர வேண்டும். எந்த முனைக்கும் கம்ப்ரசரின் உலோக உடலுக்கும் இடையே இணைப்பு இருக்கக் கூடாது. இரண்டும் சரியாக இருந்தன, அதாவது கம்ப்ரசருக்குப் பாதிப்பில்லை. தேவைக்கேற்ப வேகத்தை மாற்றி ஓடும் இன்வர்ட்டர் கம்ப்ரசருக்கு இந்தச் சோதனை பொருந்தாது. அதில் ரிலே கிடையாது, மூன்று அளவுகளும் சமமாக இருக்கும், பழுது பெரும்பாலும் அதை இயக்கும் போர்டில் இருக்கும்.

ரிலே ஏன் கெட்டது என்பதையும் விட்டுவிடக் கூடாது. வெயில் நேரத்தில் எல்லோரும் குளிர்சாதனங்களை ஓட்டும்போது மின்னழுத்தம் தாழ்கிறது. மோட்டாரின் கிளம்பும் விசை மின்னழுத்தத்தின் வர்க்கத்தோடு குறைவதால், மின்னழுத்தம் 20 விழுக்காடு குறைந்தால் விசை 64 விழுக்காடாகச் சுருங்கிவிடும். மின்சாரம் போய் உடனே திரும்பினாலும் தொல்லைதான். குழாய்களில் அழுத்தம் சமனாகும் முன்பே கம்ப்ரசர் கிளம்ப முயன்று திணறும். ஆகவே சில நிமிடத் தாமதம் உள்ள ஸ்டெபிலைசர் ஒன்றைச் சேர்த்தேன். ஒருவேளை உண்மையிலேயே கேஸ் கசிந்திருந்தால், அது வேறு கதை. இன்றைய கூலர்கள் பலவற்றில் இருப்பது ஆர்600ஏ என்ற ஐசோபியூட்டேன். எளிதில் தீப்பற்றும், காற்றைவிடக் கனமானது. அந்த வேலையை அதற்குப் பயிற்சி பெற்றவர்தான் செய்ய வேண்டும். கசிவை அடைத்து, ஃபில்டரை மாற்றி, குழாய்களில் உள்ள காற்றை வாக்குவம் பம்பால் இழுத்து வெளியேற்றி, தகட்டில் குறித்திருக்கும் கிராம் அளவுப்படி எடை பார்த்து நிரப்ப வேண்டும். கசிவைத் தேடாமல் நிரப்பிவிட்டுப் போவதை நான் பழுதுபார்ப்பாகவே கருத மாட்டேன்.

தண்ணீர் தேங்கும் தொல்லை ஈரப்பதம் மிகுந்த நாட்களில் தலைகாட்டியது. கதவின் ரப்பர் கேஸ்கெட்டில் ஒரு தாளை வைத்து மூடி, மெதுவாக இழுத்துக்கொண்டே சுற்றிலும் சோதித்தேன். கீல் பக்கத்துக் கீழ் மூலையில் தாள் தடையின்றி வழுக்கி வந்தது. ஹேர் டிரையரின் மிதமான சூட்டில் ரப்பரை இளக்கி, வடிவத்துக்கு இழுத்து, கதவை மூடி வைத்ததும் பிடிப்பு திரும்பியது. உட்புற வடிகால் துளையில் அடைத்திருந்த பாசியை மெல்லிய நெகிழ்குழாயாலும் வெந்நீராலும் நீக்கினேன். கதவின் வெளிக் கண்ணாடியில் வியர்ப்பது மட்டும் பழுதில்லை. அறை 32 டிகிரியிலும் ஈரப்பதம் 80 விழுக்காட்டிலும் இருந்தால், 28 டிகிரிக்குக் கீழே உள்ள எந்தப் பரப்பிலும் நீர் படியும். துணியால் துடைத்தால் போதும்.

கம்ப்ரசர் இல்லாத பெல்டியர் வகைக் கூலர் (மின்சாரம் பாயும்போது ஒரு பக்கம் குளிர்ந்து மறுபக்கம் சூடாகும் வில்லையால் இயங்குவது) வைத்திருக்கும் நண்பருக்காகவும் ஒரு பத்தி எழுத வேண்டும். சத்தமும் அதிர்வும் இல்லாதது அதன் பெருமை. ஆனால் அறையைவிடச் சுமார் 15 முதல் 20 டிகிரி வரை குறைப்பதே அதன் பொதுவான எல்லை. 38 டிகிரி அறையில் அது எவ்வளவு ஒழுங்காக வேலை செய்தாலும் 12 டிகிரியை எட்டாது. பின்புற விசிறி சுழல்கிறதா, வெப்பத்தகட்டுக்கும் பெல்டியர் வில்லைக்கும் இடையே உள்ள பேஸ்ட் காய்ந்துவிட்டதா, பவர் போர்டில் கெப்பாசிட்டர் உப்பியிருக்கிறதா என்று பார்க்கலாம்; மூன்றும் சரியென்றால் அதைக் குளிரூட்டிய அறைக்கு மாற்றுவதே தீர்வு. அவர் அப்படியே மாற்றினார், கூலர் குளிர்ந்தது.

பழுது நடந்த நாட்களில் பாட்டில்களைச் சாதாரண ஃபிரிட்ஜில் படுக்கவைத்திருந்தோம். குறுகிய காலத்துக்கு அதனால் தீங்கில்லை. மாதக்கணக்கில் வைத்தால் அங்குள்ள வறண்ட காற்று தக்கையை உலர்த்திவிடும். ரிலே மாற்றிய பிறகு தம்ளர்த் தண்ணீர் இரவிலும் பிற்பகலிலும் 13 டிகிரியை ஒட்டியே நிற்கிறது, கம்ப்ரசரும் இடையிடையே ஓய்வெடுக்கிறது. கடும் வெயில் மாதங்களில் மட்டும் அளவை 14 என்று வைக்கிறேன். ஒயினுக்கு அது ஏற்ற அளவுதான், கம்ப்ரசரின் சுமையும் அந்த அளவுக்குக் குறைகிறது.